12 வோல்ட் மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுக்கலாமா?

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலும், அதை ஒட்டியுள்ள வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம் பகுதிகளிலும் இன்று பயிருக்கு மருந்து அடிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவற்றைத் தொடர்ந்து பல ஆலைகள் வந்தன. ஊர் இளைஞர்கள் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். மிச்சமிருக்கும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் தர்ப்பூசணிக்கும் நிலத்துக்காரரே பேட்டரி ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது.

தனியாளாக வேலை செய்பவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. அப்போதுதான் ஒரு யோசனை தோன்றுகிறது: "ஸ்பிரேயர் மோட்டார் 12 வோல்ட். இன்னொரு 12 வோல்ட் பேட்டரியைச் சேர்த்து 24 வோல்ட் கொடுத்தால் மோட்டார் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றும். மருந்தும் இரண்டு மடங்கு வேகமாகப் பீய்ச்சும். பாதி நேரத்தில் வேலை முடிந்துவிடும் அல்லவா?" ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பழைய லித்தியம் பேட்டரியை மாட்டிப் பார்ப்போரும் உண்டு.

மோட்டார் வேகமாகச் சுற்றும் என்பது உண்மை. வேலை பாதி நேரத்தில் முடியும் என்பது உண்மையல்ல. ஏன் என்பதைச் சிறிது கணக்கோடு பார்ப்போம்.

வேகம் இரண்டு மடங்கு, சுமை எட்டு மடங்கு

பேட்டரி ஸ்பிரேயரில் இருப்பது டி.சி. மோட்டார். இதன் வேகம் ஏறத்தாழ வோல்டேஜைப் பின்பற்றிச் செல்லும். வெறும் மோட்டாராக இருந்தால் 24 வோல்ட்டில் சுமார் இரு மடங்கு வேகத்தில் சுற்றும். ஆனால் நம் மோட்டார் வெறுமனே சுற்றவில்லை. அது பம்பை ஓட்டுகிறது. பம்பு தண்ணீரைச் சிறு துளையுள்ள நாசில் வழியாகத் தள்ளுகிறது.

ஒரே நாசில் வழியாக இரண்டு மடங்கு தண்ணீர் போக வேண்டுமானால் அழுத்தம் இரண்டு மடங்கானால் போதாது, நான்கு மடங்காக வேண்டும். இது தண்ணீரின் இயல்பு. அழுத்தம் நான்கு மடங்கானால் மோட்டார் கொடுக்க வேண்டிய முறுக்குவிசையும் நான்கு மடங்காகும். முறுக்குவிசைக்குத் தக்கபடிதான் மோட்டார் ஆம்பியரை இழுக்கும். ஆக, ஆம்பியரும் நான்கு மடங்காகிறது.

உதாரணமாக, ஒரு மோட்டார் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 3-ஆல் பெருக்கினால் 36 வாட். அதே மோட்டார் 24 வோல்ட்டில் இரு மடங்கு வேகத்தில் ஓடினால் 12 ஆம்பியர் எடுக்கும். 24-ஐ 12-ஆல் பெருக்கினால் 288 வாட். அதாவது எட்டு மடங்கு. நடைமுறையில் வயரிலும் காயிலிலும் வோல்டேஜ் இறங்குவதால் வேகம் முழு இரண்டு மடங்கை எட்டாது. பம்பிலுள்ள பிரஷர் சுவிட்சும் இடையிடையே மோட்டாரை நிறுத்தும். ஆயினும் கணக்கு போகும் திசை இதுதான்.

சூடு இன்னும் மோசம். செப்புக் காயிலில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் நான்கு மடங்கானால் சூடு பதினாறு மடங்கு. இது 24 வோல்ட்டுக்கு மட்டுமல்ல. 12-க்குப் பதில் 15 வோல்ட் கொடுத்தால் கூட ஆம்பியர் சுமார் ஒன்றரை மடங்கும், வாட் ஏறக்குறைய இரண்டு மடங்கும், காயில் சூடு ஏறக்குறைய இரண்டரை மடங்கும் ஆகும். கால் பங்கு வேகத்துக்காக இரண்டரை மடங்கு சூட்டை விலைக்கு வாங்குகிறோம்.

மோட்டார் எப்படிக் கெடுகிறது?

காயில் கம்பியின் மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கிறது. ஒரு சுற்றை அடுத்த சுற்றிலிருந்து பிரித்து வைப்பது இந்தப் பூச்சுதான். இது தாங்கக்கூடிய வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் பூச்சின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது மின்பொறியாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. ஆகவேதான், "நேற்று மாட்டினேன், நன்றாக ஓடியது" என்று சொல்பவரின் மோட்டார் சில வாரம் கழித்துப் புகைகிறது. ஒரு நாள் தாங்கியது என்பதால் அது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

கார்பன் பிரஷ் அதிக ஆம்பியரில் பொறி கக்கிச் சீக்கிரம் தேயும். மோட்டாருக்குள் இருக்கும் காந்தமும் மிகையான ஆம்பியரால் வலுவிழக்கக்கூடும். அப்படி வலுவிழந்த மோட்டார், திரும்ப 12 வோல்ட்டில் மாட்டினாலும் பழைய இழுவையைக் காட்டாது.

பிரஷர் சுவிட்சுதான் மிக முக்கியமான இடம். கைப்பிடியை மூடியதும் குழாயில் அழுத்தம் ஏறும். உடனே இந்தச் சுவிட்ச் மோட்டாரை நிறுத்த வேண்டும். அதன் தொடுமுனை 12 வோல்ட் டி.சி.க்கும் குறிப்பிட்ட ஆம்பியருக்கும் செய்யப்பட்டது. கூடுதல் வோல்டேஜில் பொறி நீண்டு தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது. குழாய் மூடியிருக்க, பம்பு அழுத்திக்கொண்டே இருக்கும். பலவீனமான இடத்தில் குழாய் பிய்த்துக்கொள்ளும். அந்த இடம் பெரும்பாலும் முதுகுக்கு அருகில். அப்போது பீய்ச்சுவது தண்ணீரல்ல, பூச்சிமருந்து.

பயிருக்கும் உடம்புக்கும் என்ன கேடு?

மோட்டார் போனால் இன்னொன்று வாங்கலாம். அதைவிடப் பெரிய கேடு தெளிப்பில் இருக்கிறது. அழுத்தம் கூடக்கூடத் துளிகள் பொடியாகும். பொடித்துளி இலையில் விழுவதற்கு முன் காற்றில் மிதக்கும். அடிப்பவரின் மூக்கிலும் கண்ணிலும் முதலில் படும். பக்கத்து வயலுக்கும் போகும்.

நெல்லில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் 2,4-டி போன்ற களைக்கொல்லி காற்றில் அடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வயலின் கத்தரி, வெண்டை, தக்காளி, தர்ப்பூசணி மீது பட்டால் இலை சுருண்டு பயிர் கெடும். வரப்புச் சண்டையில் தொடங்கி நஷ்டஈட்டில் முடியும் விஷயம் இது. களைக்கொல்லிக்குக் குறைந்த அழுத்தமும் பெரிய துளியும் தேவை என்பதை மறக்கக் கூடாது.

மருந்தின் அளவும் மாறிவிடுகிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில், டேங்குக்கு இத்தனை மில்லி என்று மருந்து கலக்கிறோம். நாசில் 1.4 மடங்கு அதிகமாகக் கொட்டி, நாம் பழைய நடையிலேயே நடந்தால் ஏக்கருக்கு 280 லிட்டர் போகும். மருந்தும் 40 சதவீதம் கூடுதலாகப் போகும். மருந்துச் செலவு ஏறும், இலை கருகும், காய்கறியில் நஞ்சு தங்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வயலில் போடுவதை அளக்காமல் போடலாமா?

சரி, நடையையும் 1.4 மடங்கு வேகமாக்கினால்? 16 லிட்டர் சுமையோடு சேற்று வயலில் அப்படி நடக்க முடியாது. தனியாளின் வேலையில் நேரத்தைத் தின்பது நடையும், தண்ணீர் மொண்டு வந்து மருந்து கலப்பதும்தான். மோட்டாரின் வேகம் அல்ல.

இரண்டு பேட்டரியை எப்படி இணைப்பது?

ஒரு பேட்டரியின் பிளஸ் முனையை மற்றதன் மைனஸ் முனையோடு இணைப்பது தொடர் இணைப்பு. இதில் வோல்டேஜ் கூடும். பிளஸோடு பிளஸையும், மைனஸோடு மைனஸையும் இணைப்பது பக்க இணைப்பு. இதில் வோல்டேஜ் 12 ஆகவே இருக்கும், ஓடும் நேரம் கூடும்.

மேலே கண்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். தொடர் இணைப்பில் செலவு எட்டு மடங்கு, இருப்பு இரண்டு மடங்கு. ஆகவே ஓடும் நேரம் கால் பங்காகிறது. அந்த நேரத்தில் தண்ணீர் இரு மடங்கு வேகத்தில் வந்தாலும், மொத்தத்தில் ஒரு பேட்டரி அடித்ததில் பாதியைத்தான் இரண்டு பேட்டரியும் சேர்ந்து அடிக்கும். பக்க இணைப்பிலோ இரண்டு பேட்டரியும் சேர்ந்து இரண்டு மடங்கு அடிக்கும். அதே பேட்டரிகள்தாம், இணைக்கும் விதத்தில் நான்கு மடங்கு வித்தியாசம்.

பக்க இணைப்புக்கும் நிபந்தனை உண்டு. இரண்டும் ஒரே வகை, ஒரே திறன், ஏறக்குறைய ஒரே வயதுடையதாக இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே முழுமையாகச் சார்ஜ் செய்த பிறகே இணைக்க வேண்டும். ஈய பேட்டரியோடு லித்தியம் பேட்டரியை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. எல்லாவற்றையும்விட எளிய வழி, இரண்டாவது பேட்டரியை வரப்பில் நிழலில் வைத்திருந்து, முதலாவது தீர்ந்ததும் மாற்றிக்கொள்வது.

லித்தியம் பேட்டரியில் எச்சரிக்கை

"12 வோல்ட் லித்தியம்" என்று சொல்லி விற்பவை எல்லாம் ஒன்றல்ல. சாதாரண லித்தியம் அயான் செல்கள் மூன்றைத் தொடராக வைத்தது 11.1 வோல்ட், முழுச் சார்ஜில் 12.6 வோல்ட். நான்கு செல் வைத்தது 14.8 வோல்ட், முழுச் சார்ஜில் 16.8 வோல்ட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் நான்கு வைத்தது 12.8 வோல்ட், முழுச் சார்ஜில் 14.6 வோல்ட். இதில் 16.8 வோல்ட் கொடுப்பதை 12 வோல்ட் மோட்டாரில் மாட்டுவது நம்மை அறியாமலே மோட்டாரைக் கொல்வதாகும். வாங்குமுன் கடைக்காரரிடம் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய வாகனத்திலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி அடிபட்டோ, தண்ணீர் புகுந்தோ, உப்பியோ இருந்தால் தொடவே வேண்டாம். உள்ளே செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் தீப்பிடிக்கும். அத்தீயை எளிதில் அணைக்க முடியாது. லித்தியம் பேட்டரிக்கு அதற்குரிய சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் போடக் கூடாது. பயன்படாத பேட்டரிகளைத் தயாரிப்பாளர்களே திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. ஆகவே, கெட்டுப்போனதைக் கிணற்று மேட்டில் போட்டு வைக்காமல், விற்ற கடையிலேயே திரும்பக் கொடுங்கள்.

படகு மோட்டாருக்கும் இதே விதி

பண்ணைக்குட்டையிலும் ஏரியிலும் மீன் வளர்ப்பவர்கள் தீனி போடச் சிறு படகு வைத்துக்கொள்வதுண்டு. அதில் மாட்டும் 12 வோல்ட் மின்சார மோட்டாருக்கு, லாரியில் இருப்பதைப் போல இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாமா என்ற கேள்வி எழும். இந்த மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கியே ஓடுவதால் ஓரளவு குளிர்ச்சி கிடைக்கிறது. அதனால் சற்று நேரம் தாங்கிவிடும். அதைப் பார்த்துப் பெட்டிக்குள் காற்றில்லாமல் அடைபட்டிருக்கும் ஸ்பிரேயர் மோட்டாரும் தாங்கும் என்று நினைப்பது தவறு.

படகிலும் லாபம் இல்லை. விசிறி இரண்டு மடங்கு வேகத்தில் சுழலச் சுமார் எட்டு மடங்கு வாட் வேண்டும். சிறு படகின் வேகமோ ஓர் அளவுக்கு மேல் ஏறாது. மிச்ச சக்தி அலையாகவும் நுரையாகவும் போகும். விசிறியில் ஆகாயத்தாமரை சிக்கி நின்றுவிட்டால் அப்போது மோட்டார் சுற்றுவதில்லை, அடுப்புப் போலக் கொதிக்கிறது. நின்றுபோன மோட்டாரில் 12-க்குப் பதில் 24 வோல்ட் இருந்தால் சூடு நான்கு மடங்கு. கரைக்குத் தொலைவில் வயர் புகையும் நிலையை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

கிணற்று மோட்டார்

கிணற்று மோட்டார் வேறு ஜாதி. ஏ.சி. மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் 50 சைக்கிள். வோல்டேஜைக் கூட்டினால் தண்ணீர் கூடாது, இரும்பும் காயிலும் சூடாவதுதான் மிச்சம். லோ-வோல்டேஜுக்காகப் பூஸ்டர் வைத்திருப்பவர்கள், இரவில் வோல்டேஜ் தானாக ஏறும்போது பூஸ்டரை இறக்கி வைக்க வேண்டும். மூன்று பேஸ் மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட் என்று இருந்தால் மீட்டர் அதன் அருகிலேயே நிற்கட்டும்.

தெளிப்பு குறைந்தால் எங்கே பார்க்க வேண்டும்?

வோல்டேஜைக் கூட்டும் ஆசை பெரும்பாலும் ஸ்பிரேயர் முன்போல் அடிக்காதபோதுதான் வருகிறது. அப்போது மோட்டாரை விரட்டுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. டேங்கின் வாயிலும், பம்புக்கு முன்னும், கைப்பிடியிலும் உள்ள வடிகட்டிகளைக் கழுவுங்கள். அடைப்புதான் முதல் காரணம்.

2. நாசிலைக் கழற்றித் தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். வாயால் ஊதவே கூடாது. தேய்ந்த நாசிலை மாற்றுங்கள்.

3. மோட்டார் ஓடும்போதே பேட்டரி முனையிலும் மோட்டார் முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 12.3 காட்டி மோட்டாரில் 10.5 காட்டினால் குறை வயரிலும் சுவிட்சிலும் இருக்கிறது. பச்சை பூத்த முனைகளைச் சுரண்டி இறுக்கி, தடித்த வயராக மாற்றினால் போதும். இழந்த வோல்டேஜ் திரும்பக் கிடைத்துவிடும்.

4. முழுச் சார்ஜ் செய்து ஆறவிட்ட நல்ல ஈய பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும். மோட்டாரை ஓட்டியதும் அது 10.5-க்கு விழுந்தால் பேட்டரி முடிந்துவிட்டது. 10.5-க்குக் கீழ் போகவிட்டு ஓட்டினால் நல்ல பேட்டரியும் கெடும்.

5. எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் வரவில்லையானால் பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கும் அல்லது வால்வில் தூசி இருக்கும். டயாபிரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வேலை சீக்கிரம் முடிய என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள். வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் 5 சென்ட் நிலத்துக்கு அடியுங்கள். எத்தனை லிட்டர் குறைந்தது என்று பார்த்து 20-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். 5 சென்ட்டுக்கு 10 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர். மருந்தை அதற்குத் தக்கபடி கலக்குங்கள்.

இரண்டு நாசில் உள்ள குறுக்குக் கம்பியை மாட்டினால் ஒரே நடையில் அகலமான பட்டை நனையும். ஆனால் பம்பு இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறதா என்று தண்ணீரில் சோதித்த பின்பே மருந்துக்குப் பயன்படுத்துங்கள். தண்ணீர் ட்ரம்மை வயலின் நடுவரப்பில் வைத்தால் நடை மிச்சமாகும். இன்னும் வேகம் வேண்டுமென்றால் இரட்டை மோட்டார் ஸ்பிரேயராகவே வாங்குங்கள். 24 வோல்ட் பேட்டரிதான் கைவசம் உள்ளது என்றால், அதை 12 ஆகக் குறைத்துக் கொடுக்கும், மோட்டாரின் ஆம்பியரைத் தாங்கக்கூடிய கன்வெர்ட்டரை இடையில் வைக்க வேண்டும். திருகினால் வேகம் மாறும் வெறும் ரெகுலேட்டரை நம்பக் கூடாது. முழுதாகத் திருகினால் 24 வோல்ட்டும் மோட்டாருக்குப் போய்விடும்.

சூரியத் தகட்டிலிருந்து நேராக மோட்டாருக்கு வயர் இழுக்க வேண்டாம். "12 வோல்ட் தகடு" என்று விற்பது வெறுமனே இருக்கும்போது வெயிலில் 21 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இடையில் சார்ஜ் கன்ட்ரோலரும் பேட்டரியும் இருக்கட்டும். எந்த இணைப்பிலும் பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே ஒரு பியூஸ் போடுங்கள். 3 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள், செப்புக் கம்பி சுற்றி ஓட்டாதீர்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆலையில் எலெக்ட்ரீஷியனாக வேலை செய்யும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓவர்லோடு ரிலே இருக்கும். தகட்டில் கண்ட ஆம்பியருக்கு மேல் மோட்டார் இழுத்தால் அது தானே நிறுத்திவிடும். நம் முதுகில் இருக்கும் ஸ்பிரேயருக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. பியூஸும் நம் நிதானமும்தான் காவல். வாரம் ஒருநாள் மீட்டர் பிடித்துப் பார்க்க அந்தப் பிள்ளையையே பழக்கிக்கொள்ளலாம்.

ஸ்பிரேயர் வாங்கும் முன் மானியம் உண்டா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும். மருந்தின் அளவு, நாசில் வகை குறித்து வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். எதை வாங்கினாலும் முதலில் மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். அதில் எழுதியிருக்கும் வோல்ட்டை மட்டும் கொடுங்கள். காலையிலோ மாலையிலோ, காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி, முகமூடியும் கையுறையும் அணிந்து அடியுங்கள்.